ஒரு தலை நீளம்

மாமா செய்த வேலையை யாரிடம் சொன்னாலும் முதலில் சிரிப்பார்கள். குளிர்காலத்தில் பொழுது சாய்ந்ததும் குதிரை லாயத்தில் விளக்கைப் போட வேண்டும், நேரமானதும் அணைக்க வேண்டும். இதற்கு ஒரு ஆளா, அந்த ஆளுக்குச் சம்பளமும் குடியிருக்க இரண்டு அறை வீடுமா என்று கேட்பார்கள். நானும் அப்படிக் கேட்டவள்தான். என் அக்காவைக் கட்டிக்கொண்டவர் என்பதால் மாமா என்று கூப்பிட்டேனே தவிர, ஆரம்பத்தில் அந்த மனிதர் மேல் எனக்குப் பெரிய மரியாதை எதுவும் கிடையாது. பண்ணையில் அவருக்கு 'லைட்டு' என்றே பெயர். முதலாளிகூட 'லைட்டு எங்கய்யா?' என்றுதான் கேட்பார்.

அது ரேஸ் குதிரைகளைப் பெருக்கும் பண்ணை. பெண் குதிரைகள் ஒரு நீளமான லாயத்தில் தனித்தனிக் கொட்டடிகளில் நிற்கும். குளிரில் பகல் சுருங்கிப்போனால் அவற்றின் உடம்பு சினைக்குத் தயாராகாது. வெளிச்சம் நீள வேண்டும். அதுவரை காத்திருக்க முதலாளிக்குப் பொறுமை ஏது? டிசம்பர் பிறந்ததும் ஒவ்வொரு கொட்டடியிலும் பெரிய பல்பை எரியவிட்டு, குளிர் முடிந்து நல்ல காலம் வந்துவிட்டது என்று குதிரையை நம்ப வைப்பார்கள். கொட்டடியின் எந்த மூலையில் நின்றாலும் பேப்பர் படிக்க முடிகிற அளவுக்கு வெளிச்சம் இருக்க வேண்டும் என்பது அங்கே கணக்கு. மாமா நிஜமாகவே ஒரு பழைய பேப்பரை எடுத்துக்கொண்டு மூலைக்கு மூலை நின்று படித்துப் பார்ப்பார். வருஷக்கணக்காக அதே பேப்பர். அதில் வந்த ஒரு திருட்டுச் செய்தி எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம்.

இத்தனை அவசரம் எதற்கு என்றால், ரேஸ் குதிரைக்குத் தனியாகப் பிறந்தநாள் கிடையாது. ஜனவரி முதல் தேதி வந்தால் எல்லாக் குதிரைக்கும் சேர்ந்தாற்போல் ஒரு வயது கூடிவிடும். ஜனவரியில் பிறந்த குட்டியும் மே மாதம் பிறந்த குட்டியும் ஒரே வயதென்று ஒரே பந்தயத்தில் நிற்கும். ஆனால் ஒன்று நாலு மாதம் கூடுதலாகப் பால் குடித்து, புல் தின்று, எலும்பு முற்றி நிற்கும். அந்த நாலு மாதத்தைத்தான் முதலாளி ஹெட் ஸ்டார்ட் என்பார். பந்தயம் தொடங்குவதற்கு முன்பே மற்றவரைவிடக் கொஞ்சம் முன்னால் இருப்பது, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். முதலாளிக்கு எதற்கெடுத்தாலும் அந்தப் பேச்சுதான். தீவன லாரி சீக்கிரம் வந்தால் ஹெட் ஸ்டார்ட். மகனை வெளிநாட்டில் படிக்க வைத்தது ஹெட் ஸ்டார்ட். மாமாவுக்கு இங்கிலீஷில் மூன்று வார்த்தை தெரியும் என்றால், அதில் இரண்டு இதுதான்.

அக்கா நிறைமாதமாக இருந்த சமயம், ஒரு குதிரை நாளுக்கு முன்னாலேயே டிசம்பர் கடைசியில் குட்டி போட்டுவிட்டது. நெற்றியில் வெள்ளையோடு, பார்க்க லட்சணமான பெட்டைக் குட்டி. முதலாளி கொட்டடி வாசலில் நின்று தலையில் கைவைத்துக்கொண்டார். "இன்னும் நாலு நாள்ல இதுக்கு ஒரு வயசாயிடும். இன்னும் ஒழுங்கா நிக்கவே வரல. இது எதோட போய் ஓடும்?" என்று கத்தினார். எதிரே நிற்கப் போகிறவை எல்லாம் போன ஜனவரியில் பிறந்தவை. பால் மறந்ததும் அதைச் சவாரி கற்றுக்கொடுக்கும் இடத்துக்குத் தள்ளிவிடலாம் என்று அங்கேயே முடிவாகிவிட்டது. பிறந்த மறுநாளே அதற்குத் தண்ணீர் தெளித்துவிட்டார்கள். மாமாவுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

அதற்கு மறுநாளே அக்காவுக்கு வலி எடுத்துவிட்டது. நான் அப்போதுதான் அந்த ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். பிரசவ அறைக்கு வெளியே ஈரக் கையோடு நின்றுகொண்டிருந்தேன். மாமா மூச்சிரைக்க ஓடி வந்தார். ஆணா பெண்ணா என்று கேட்கவில்லை. அக்கா எப்படி இருக்கிறாள் என்றும் கேட்கவில்லை.

"மூணு நாள் பொறுத்திருக்கக் கூடாதா?" என்றார்.

"யாரைச் சொல்றீங்க மாமா? அக்காவையா, குழந்தையையா?"

அவர் உள்ளே போய்க் குழந்தையைப் பார்த்தார். பார்த்ததும் அழுதுவிட்டார். பெண் பிறந்த சந்தோஷத்தில் அழுகிறார் என்று நர்ஸ் நினைத்துக்கொண்டு, இப்படி ஒரு அப்பா கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

குழந்தையைப் பாப்பா என்று கூப்பிட ஆரம்பித்து, அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அக்கா வீட்டிலேயே தங்கிவிட்டேன். அதனால் நடந்தது எல்லாவற்றையும் கூடவே இருந்து பார்க்கும் பாக்கியம் எனக்கு.

பள்ளிக்கூடத்திலும் ஜனவரி முதல் தேதிதான் கணக்கு. அந்தத் தேதிக்குள் ஐந்து வயது நிரம்பியிருந்தால் ஒன்றாம் வகுப்பில் சேர்த்துக்கொள்வார்கள். பாப்பாவுக்கு மயிரிழையில் நிரம்பியிருந்தது. அக்கா பை, தண்ணீர் பாட்டில் எல்லாம் வாங்கி வைத்துவிட்டாள். மாமா வேண்டாம் என்று ஒரே பிடியாக நின்றார்.

"இப்ப சேத்தா கிளாஸ்லயே இவதான் பொடிசு. எல்லாம் இவளைவிட மூத்ததுங்க. அடுத்த வருஷம் சேத்தா இவதான் பெரியவ. ஒரு ஹெட் ஸ்டார்ட் கிடைக்கும்."

"இது என்ன ரேஸா மாமா? எழுத்துக் கூட்டிப் படிக்கப் போறா."

"எல்லாம் ரேஸ்தான். அழுக்குத் துணியோட கிடக்கற உனக்கு அதெல்லாம் தெரியாது."

"ஆமா, நீங்க மட்டும் என்ன, சுவிட்சு போடறவர்தானே" என்றேன். அதன் பிறகு ஒரு வாரம் அவர் என்னோடு பேசவில்லை. எனக்கும் அது நிம்மதியாகத்தான் இருந்தது.

அக்கா எதிர்த்துப் பேசத் தெரியாதவள். பள்ளிக்கூடத்தில் போய், குழந்தைக்கு நெஞ்சுச் சளி, ஒரு வருஷம் வெளியே அனுப்பக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்றார்கள். பாப்பாவிடமும் அதையேதான் சொன்னார்கள். ஐந்து வயதுக் குழந்தை, அப்படியே நம்பிவிட்டது. வீட்டுக்கு யாராவது வந்தால் இரண்டு தடவை இருமிக் காட்டும்.

அந்த ஒரு வருஷம் அவள் பண்ணையில்தான் கிடந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் குதிரைக் குட்டிகள் தாயோடு ஓடும். இந்தப் பக்கம் இவள் ஓடுவாள். வேலிக் கட்டையை ஒரு கையால் தட்டிக்கொண்டே, மூலை வரை போய்த் திரும்பி வருவாள். "நெஞ்சுச் சளிக்காரி ஓடற ஓட்டத்தைப் பாரு" என்று அரைப்படி சிரிப்பார். அவர் ஒரு காலத்தில் பந்தயத்தில் குதிரை ஓட்டும் ஜாக்கியாக இருந்தவர். ஆள் அவ்வளவு குள்ளம் என்பதால் அந்தப் பெயர். குதிரையிலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்த பிறகு, பண்ணையில் சேணங்களுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டு காலத்தை ஓட்டினார். நாக்கில் மட்டும் எண்ணெயே கிடையாது.

அடுத்த வருஷம் பாப்பா பள்ளிக்கூடம் போனாள். மாமா சொன்னதில் தப்பே இல்லை, அதைத்தான் என்னால் இன்றைக்கும் ஜீரணிக்க முடியவில்லை. வகுப்பில் அவள்தான் உயரம். எழுதச் சொன்னால் முதலில் எழுதி முடிப்பாள். ஓட்டப் பந்தயத்தில் மற்றதுகள் பாதி வழியில் இருக்கும்போதே இவள் கயிற்றைத் தொட்டுவிடுவாள். பந்தயமெல்லாம் வகுப்பு வாரியாகத்தான் நடக்கும். வருஷா வருஷம் ஒரு கோப்பை வரும். டி.வி. மேல் வைத்து, இடம் போதாமல் அலமாரி மேலும் வைத்தார்கள். மாமா தலைகால் புரியாமல் திரிந்தார். விளக்குப் போடப் போகும்போது பேப்பர் மாதிரியே ஒரு கோப்பையையும் கையில் எடுத்துக்கொண்டு போய், லாயத்தில் இருக்கிறவர்களிடம் எல்லாம் காட்டுவார்.

"என்ன சொன்ன நீ? சுவிட்சு போடறவன்னு சொன்னியே. எங்க எப்ப போடணும்னு எனக்குத் தெரியும், பாத்தியா?" என்று என்னிடம் கேட்டார். ஐந்து வருஷம் அதை மனசில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறார், மனிதர்.

பாப்பாவுக்கு ஓட்டம்தான் எல்லாம் என்று ஆகிவிட்டது. பள்ளிக்கூட பி.டி. மாஸ்டர் ஒரு நாள் வீட்டுக்கு வந்து, அரசு விளையாட்டுப் பள்ளிக்கு ஆள் எடுக்கப் போகிறார்கள், இவளை அனுப்புங்கள் என்றார். அங்கேயே தங்கிப் படிக்கலாம். ரப்பர் தரை போட்ட மைதானம், பயிற்சிக்குத் தனி ஆள். அந்த வார்த்தைகளைக் கேட்டதிலிருந்து அவள் தரையில் நடக்கவில்லை. தூங்கும்போதும் காலில் ஷூவைக் கழற்ற மாட்டாள். அக்கா உடனே ஒரு பெட்டி வாங்கினாள். பாப்பா அதில் துணிகளை மடித்து வைத்து, எடுத்து, மறுபடியும் வைத்தாள். எனக்குத் துணி மடிப்பதுதான் தொழில். ஆனால் அந்தக் குழந்தை மடித்த நேர்த்தியில் நான் ஒரு நாளும் மடித்ததில்லை. உலகத்தில் அவளுக்கு வேண்டியது அந்த ஒரு இடம்தான்.

தேர்வு நாளன்று நாங்கள் நாலு பேருமே போனோம். பெரிய மைதானம். மேஜை போட்டு உட்கார்ந்திருந்த அம்மாதான் கோச். அவர் மைக்கில் பிறந்த வருஷத்தைச் சொல்லி, அந்த வருஷத்துப் பிள்ளைகளெல்லாம் ஒரு வரிசையில் வாருங்கள் என்றார். வகுப்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை. பாப்பா தன் வகுப்புப் பிள்ளைகள் நின்ற வரிசைக்குப் போனாள். பிறந்த தேதிச் சீட்டைப் பார்த்துவிட்டு, ஒரு வயது மூத்தவர்கள் நின்ற வரிசைக்கு அனுப்பினார்கள்.

"நீ ஏன் ஒரு கிளாஸ் கீழ படிக்கிற? ஃபெயிலா?" என்று கோச் கேட்டார்.

"இல்ல மேடம். சின்ன வயசுல எனக்கு நெஞ்சுச் சளி."

நான் மாமாவைப் பார்த்தேன். அவர் அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் நின்ற பெண்களெல்லாம் அந்த வருஷத்தின் தொடக்கத்தில் பிறந்தவர்கள் போல. ஒவ்வொருத்தியும் பாப்பாவைவிட ஒரு கை உயரம். ஐந்து வருஷமாக எங்கே போனாலும் பெரியவளாக நின்ற பெண், அங்கே பொடிசாக நின்றாள். மாமா வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

துப்பாக்கி வெடித்ததும் நாலு பெண்கள் பாப்பாவுக்கு முன்னால் போய்விட்டார்கள். அவள் நன்றாகத்தான் ஓடினாள். ஆனால் முன்னால் ஆள் போவதைப் பார்த்ததும் அவளுக்கு என்னவோ ஆகிவிட்டது. திரும்பிப் பார்த்தாள். வழி தெரியாமல் நிற்கிற குழந்தை பார்க்குமே, அந்தப் பார்வை. கால் தடுமாறியது. பிறகு இன்னும் இரண்டு பேர் தாண்டிப் போனார்கள்.

மாமா கோச்சிடம் போய்க் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அந்த அம்மா நல்ல மாதிரிதான். நின்று பதில் சொன்னார்.

"கால் நல்ல கால்தாங்க. ஆனா இவளுக்கு அடுத்தவ முதுகைப் பாத்து ஓடிப் பழக்கமே இல்ல. முன்னாடி ஒரு ஆள் போனா உடைஞ்சு போயிடறா. சின்னதுலேருந்து தோத்துத் தோத்து வந்திருந்தா அது தானா வந்திருக்கும்."

"அடுத்த வருஷம் கூட்டிட்டு வரலாமாம்மா?"

"இவ பொறந்த வருஷத்துக்கு இதுதாங்க கடைசித் தடவை. இவ ஒரு மூணு நாள் கழிச்சுப் பொறந்திருந்தா வரலாம்" என்று அவர் சீட்டைப் பார்த்துச் சொன்னார். சாதாரணமாகத்தான் சொன்னார், அவருக்கு என்ன தெரியும்?

திரும்பி வரும் வழியில் பாப்பா அழவில்லை. தனக்கு உடம்பு சரியில்லாமல் போனதால்தான் இப்படி ஆயிற்றா என்று அக்காவைக் கேட்டாள். அக்காவுக்குப் பொய் சொல்லும் தெம்பு தீர்ந்துவிட்டது. "உனக்கு உடம்புக்கு ஒண்ணும் வரலடி. அப்பாதான் ஒரு வருஷம் நிறுத்தி வெச்சாரு. நீ முன்னாடி வரணும்னு" என்று சொல்லிவிட்டாள். மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பாப்பா வீட்டுக்கு வந்ததும் அலமாரி மேலிருந்த கோப்பைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சித்தி, இதுல ஒண்ணாவது நான் நிஜமா ஜெயிச்சதா?"

நான் வாயாடி என்று ஊரெல்லாம் பேர். சோற்றை எடுத்து வைக்கிறேன் என்று அடுப்படிக்குப் போய்விட்டேன்.

மறுநாள் மாமா ஆறுதல் தேடி அரைப்படியிடம் போனார். ஆறுதல் தேட அவருக்கு வேறு ஆளே கிடைக்கவில்லை. அவருக்குச் சாப்பாடு கொடுக்க நானும் பாப்பாவும் பின்னாலேயே போனோம். சேணம் வைக்கும் அறையில் எண்ணெய் வாசனை மூக்கை அடைத்தது. ஒரு ஹெட் ஸ்டார்ட் கொடுக்கலாம் என்று நினைத்தேன், அது இப்படிக் காலை வாரிவிட்டதே என்று மாமா புலம்பிக்கொண்டிருந்தார். அரைப்படி துணியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்.

"யோவ் லைட்டு, நாள் பூரா அந்த வார்த்தையைச் சொல்றியே, அது எங்கேருந்து வந்துச்சுன்னு தெரியுமா?"

"முதலாளி சொல்வாருண்ணே."

"முதலாளிக்கு என்ன தெரியும்? ரேஸ்ல நாங்க தூரத்தைக் குதிரை உடம்பாலதான் அளப்போம். ஒரு தலை, ஒரு கழுத்து, ஒரு முழு நீளம். ஒரு தலையில ஜெயிச்சான்னா, ஒரு குதிரைத் தலை எவ்வளவு நீளமோ அவ்வளவுதான் வித்தியாசம். அந்தக் காலத்துல ரெண்டு குதிரை நிக்குதுன்னு வெய்யி. ஒண்ணு நோஞ்சானா இருந்தா, சரி போகட்டும்னு அதை ஒரு தலை நீளம் முன்னாடி நிக்க விடுவாங்களாம். ஹெட்டுன்னா தலை. அந்தத் தலை அளவுதான் ஹெட் ஸ்டார்ட். நான் பாத்ததில்ல. எனக்குச் சொன்னவனும் பாத்திருக்க மாட்டான். ஆனா ஜாக்கிங்க நாங்க இப்படித்தான் சொல்லுவோம்."

"அப்ப அது நோஞ்சானுக்குக் குடுக்கறதா தாத்தா?" பாப்பாதான் கேட்டாள்.

"பின்ன? நல்ல குதிரைக்கு எவனாவது குடுப்பானா? குடுத்தா அந்தக் குதிரை மேல இவனுக்கு நம்பிக்கை இல்லன்னு அர்த்தம்."

அவர் பாப்பாவை நினைத்துச் சொல்லவில்லை. சொன்ன பிறகுதான் அவள் நிற்பதை உணர்ந்து, துணியை எடுத்துச் சேணத்தைத் துடைக்க ஆரம்பித்தார். பாப்பா சாப்பாட்டுப் பாத்திரத்தை மேஜையில் வைத்துவிட்டு வெளியே நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

"அப்பா என்னை நோஞ்சான்னு நெனச்சிட்டாரு சித்தி. பொறந்த அன்னிக்கே நெனச்சிட்டாரு."

"அப்படியெல்லாம் இல்லடா கண்ணு. உன் மேல உசிரு அவருக்கு."

"அதுவும் தெரியும்" என்றாள்.

அந்த வருஷமும் பள்ளிக்கூட விளையாட்டு விழா வந்தது. பாப்பா ஓட மாட்டேன் என்பாள் என்று நினைத்தோம். அவளாகவே பேர் கொடுத்தாள். மாமாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "தன் கிளாஸ் பிள்ளைங்களோட ஓடினா பழைய தெம்பு வந்துடும்" என்று முதல் வரிசையில் போய் உட்கார்ந்தார். அக்காவும் நானும் பக்கத்தில் இருந்தோம்.

பி.டி. மாஸ்டர் விசிலை ஊதினார். எல்லாப் பிள்ளைகளும் ஓடின. பாப்பா மட்டும் கோட்டில் நின்றாள். கேட்கவில்லையோ என்று எல்லோரும் கத்தினார்கள். மாஸ்டர் "ஓடு, ஓடு" என்று கையை வீசினார். அவள் குனிந்தபடியே, முன்னால் ஓடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்கள் நல்ல தூரம் போகட்டும் என்று காத்திருக்கிறாள் என்பது எனக்குப் புரிந்தது. பிறகு ஓடினாள். அப்படி ஒரு ஓட்டத்தை நான் பார்த்ததில்லை. தேர்வு நாளில் அப்படி ஓடியிருந்தால் இன்றைக்கு அவள் கதையே வேறு. ஒவ்வொரு முதுகாகப் பிடித்துத் தாண்டினாள். மாமா நாற்காலி மேல் ஏறி நின்று தொண்டை கிழியக் கத்தினார். கயிறு வரும்போது அவளுக்கு முன்னால் இரண்டு பேர் மீதி இருந்தார்கள். மூன்றாவதாக வந்தாள்.

மாஸ்டர் வந்து, நின்றுகொண்டே தூங்கிவிட்டாயா என்று வாய்க்கு வந்தபடி திட்டினார். அவள் முழங்காலில் கையை ஊன்றி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். மாமா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார். அவளைக் கட்டிக்கொள்வார் என்று நினைத்தேன். நீ நோஞ்சான் இல்லை, உன்னைப் போல ஒரு ஓட்டக்காரி கிடையாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அந்த மனிதருக்கு அந்தக் கணக்கிலிருந்து வெளியே வரத் தெரியவில்லை.

"ரொம்ப விட்டுட்டம்மா. இவ்வளவு விட்டா யாராலயும் பிடிக்க முடியாது. கொஞ்சம் முன்னாடி கிளம்பியிருந்தா நீதான் ஜெயிச்சிருப்ப."

"எவ்வளவு முன்னாடிப்பா?"

அவர் கோட்டைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார். அவள் கிண்டலுக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள், பதிலுக்காக அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசியில் அவள் ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

அதோடு ஓட்டம் முடிந்தது. திட்டினார்கள், கெஞ்சினார்கள், பி.டி. மாஸ்டர் இரண்டு தடவை வீட்டுக்கு வந்தார். அவள் யாரையும் எதிர்த்துப் பேசவில்லை, ஓடவும் இல்லை. படிப்பிலும் நடுவாந்தரமாக வந்து நின்றுகொண்டாள். முதலில் எழுதி முடித்தாலும் மற்றவர்கள் கொடுக்கும்வரை பேப்பரைக் கொடுக்க மாட்டாளாம், டீச்சர் சொன்னாள். இப்போது ஒரு மின்சார ஆபீஸில் புகார் எழுதிக்கொள்கிற வேலை. பதவி உயர்வுப் பரீட்சை வரும், போகும், எழுத மாட்டாள். கல்யாணப் பேச்சு எடுத்தால், "அவசரமில்ல சித்தி" என்பாள். அக்கா அந்தக் கவலையிலேயே போய்ச் சேர்ந்தாள். சிரிக்காத பெண் இல்லை அவள், நன்றாகச் சிரிப்பாள். ஆனால் எதையும் வேண்டும் என்று கேட்டு நான் பார்த்ததில்லை. அந்தப் பெட்டிக்குப் பிறகு எதையுமே கேட்டதில்லை. இதைவிட ஒரு குழந்தை செத்துப் பிறந்திருக்கலாமே என்று ஒரு நாள் எனக்கே தோன்றிவிட்டது. தோன்றியதற்காக இரண்டு நாள் சோறு இறங்காமல் கிடந்தேன்.

லாயத்தில் இப்போது விளக்கு தானாக எரிந்து தானாக அணைகிறது. மாமாவை வேலையை விட்டு நிறுத்தாமல் கூட்டிப் பெருக்க வைத்திருக்கிறார்கள். ஒரு குதிரை உதைத்து அவருடைய வலது முழங்கால் மடங்குவதில்லை. கண்ணிலும் புரை விழுந்திருக்கிறது.

போன மாதம் பாப்பா லீவு போட்டு அவரைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போயிருந்தாள். நான் வேலை முடிந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். ஆஸ்பத்திரி நிறுத்தத்திலிருந்து பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், இரண்டு பேரும் தெருமுனையில் வந்துகொண்டிருக்கிறார்கள். பண்ணைப் பக்கம் போகிற கடைசி பஸ் அது. மாமா அவள் கையை உதறிவிட்டு ஓடி வந்தார். மடங்காத காலை இழுத்துக்கொண்டு, செருப்பு ஒன்று கழன்று விழ, வந்து பஸ்ஸின் பக்கவாட்டில் ஓங்கித் தட்டினார். படிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்கினார்.

"நிறுத்துங்க, நிறுத்துங்க. என் பொண்ணு வர்றா."

"சீக்கிரம் வரச் சொல்லுய்யா" என்று கண்டக்டர் கத்தினார்.

"ஓடி வாம்மா! ஓடி வா!"

பாப்பா வந்த வேகத்திலேயே வந்தாள். ஒரு அடியைக்கூட எட்டிப் போடவில்லை. குனிந்து அவருடைய செருப்பை எடுத்துக்கொண்டாள். நான் ஜன்னலில் தலையை நீட்டி, "பாப்பா, வாடி!" என்று கத்தினேன். என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள், நீங்கள் போங்கள் என்று. கண்டக்டர் விசில் கொடுத்தார். மாமாவின் கை கம்பியை விட்டது. பின்கண்ணாடியில் நான் கடைசியாகப் பார்த்தது, அவள் மண்டியிட்டு அவர் காலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்ததைத்தான்.

நடந்தே வந்திருக்கிறார்கள். அவர்கள் வாசலுக்கு வரும்போது நான் சோற்றை மறுபடி சூடு பண்ணிக்கொண்டிருந்தேன். பாப்பா கால் கழுவப் பின்பக்கம் போனாள். மாமா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். முழங்கால் வீங்கியிருந்தது.

"இன்னும் கொஞ்சம் பிடிச்சு நிறுத்தியிருந்தா வந்திருப்பா இல்ல?" என்று என்னைக் கேட்டார்.

இத்தனை வருஷத்தில் அந்த மனிதர் சொன்ன எதற்கும் நான் ஆமாம் போட்டதில்லை.

"ஆமா மாமா, வந்திருப்பா" என்றேன்.